பேசும் பொறியும் பவணந்தியாரும்: உரையாடல் வடிவமைப்புக் கலைச்சொற்கள் குறித்து ஒரு திறனாய்வு

ஒரு தொழிலில் புழங்கும் சொற்கள் எல்லாருக்கும் ஒரே பொருளில் இருந்தால்தான் அந்தத் தொழில் நடக்கும். பாத்திரக் கடையில் நாற்பது ஆண்டு உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எந்த நூலையும் புரட்டாமல் என்னால் சொல்ல முடியும். "ஐம்பது உருப்படி" என்று நான் சொல்லும்போது நான் எண்ணிக்கையையும், சரக்கு அனுப்புகிறவர் கட்டையும் நினைத்துக்கொண்டால், லாரி வந்து வாசலில் நின்ற பிறகுதான் சண்டை தொடங்கும். அப்போது யார் மேல் தப்பு என்று கேட்டால், இரண்டு பேர் மேலும் தப்பில்லை. சொல்லை முன்கூட்டியே வரையறுக்காததுதான் தப்பு.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள், மனிதரோடு பேசும் பொறிகளை வடிவமைப்போர் தமக்குள் வழங்கும் கலைச்சொற்கள். தொலைபேசியில் "தமிழுக்கு மூன்றை அழுத்தவும்" என்று சொல்லும் குரல், கைப்பேசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தரும் உதவியாளர், வங்கியின் இணையப் பக்கத்தில் ஓரத்தில் காத்திருக்கும் கேள்வி பதில் பெட்டி, 2022 நவம்பரில் வெளிவந்து உலகத்தையே பேச வைத்த சாட்ஜிபிடி, இவை யாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இது பொறியாளர் விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். வெளிமாநிலத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் மற்றவரைவிட அக்கறை அதிகம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தை ஒரு வீட்டு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

தொகுதி என்னும் சொல்

என் அண்ணிக்கு எழுபத்து நான்கு வயது. மும்பைக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆகியும் இந்தி காய்கறிக்காரரோடு பேசும் அளவுக்குத்தான். ஒரு நாள் மாலை மார்க்கெட்டில் கைப்பை தொலைந்துவிட்டது. வங்கி அட்டை அதற்குள். பதறாமல் வீட்டுக்கு வந்து, பழைய தாளில் குறித்து வைத்திருந்த வங்கி எண்ணுக்குப் போன் போட்டு, தமிழையும் தேர்ந்தெடுத்துவிட்டார். இதுவரை எல்லாம் சரி. அந்தக் குரல், "உங்கள் அட்டையைத் தொகுதி செய்ய ஒன்றை அழுத்தவும், ரத்து செய்ய இரண்டை அழுத்தவும்" என்று சொல்லியிருக்கிறது. ஆங்கிலத்தில் 'பிளாக்' என்றிருந்ததை யாரோ, அல்லது எதுவோ, 'தொகுதி' என்று பெயர்த்துவிட்டது. அகராதியில் அந்தப் பொருளும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

அண்ணி என்னைக் கூப்பிட்டபோது கேட்டது இதுதான். "தம்பி, தொகுதின்னு சொல்றாங்களே, எந்தத் தொகுதி? நமக்கு ஓட்டு ஊர்லயா இங்கயா? ரத்துன்னு அழுத்தினா கணக்கே போயிடுமோ, பென்ஷன் நின்னுடுமோன்னு பயந்து வெச்சுட்டேன்."

நான் கடையை அடைத்துவிட்டுப் போய், இந்தியைத் தேர்ந்தெடுத்து அட்டையை முடக்க நான்கு நிமிடம் ஆனது. இடையில் போன ஒன்றரை மணி நேரத்தில் யாரோ அட்டையை இரண்டு கடைகளில் தட்டியே ரூ.6,400க்குப் பொருள் வாங்கிவிட்டார்கள். 2021 ஜனவரியிலிருந்து ரூ.5,000 வரை ரகசிய எண் இல்லாமல் தட்டிச் செலுத்தலாம் அல்லவா. பணம் போனது பெரிதில்லை. அதற்குப் பிறகு அண்ணி அந்த எண்ணுக்குக் கூப்பிடுவதே இல்லை. எதற்கும் பேரன் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறார். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கையிலிருந்து அந்தச் சுதந்திரத்தை ஒரு சொல் பிடுங்கிக்கொண்டது.

மொழிபெயர்ப்புப் பிழை என்று இதை ஒதுக்கிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பிழை வேரில் இருக்கிறது.

இரண்டு தம்பிகள், ஒரே பொருள்

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிறுதோறும் வரும் இளைஞர் இருவர் இத்தகைய பொறிகளைச் செய்யும் வேலையில் இருக்கிறார்கள், வெவ்வேறு நிறுவனங்களில். அண்ணியின் கதையைச் சொல்லி, இது எப்படி நேர்கிறது என்று கேட்டேன். இருவரும் விளக்கத் தொடங்கி, பத்து நிமிடத்தில் தங்களுக்குள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் 'ஸ்லாட்' என்றதை மற்றவர் 'என்டிட்டி' என்றார். ஒருவருக்கு 'ஸ்கில்', மற்றவருக்கு 'பாட்'. கடைசியில் பார்த்தால் இருவரும் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இது அவர்கள் குறையில்லை. அமேசானின் அலெக்ஸா ஒரு சொல்வழக்கை வைத்திருக்கிறது. கூகுளின் டயலாக்ஃப்ளோ இன்னொன்றை வைத்திருக்கிறது. பயனர் சொல்லும் ஊர், தேதி, தொகை போன்ற விவரம் வந்து அமரும் இடத்தை முதலது 'ஸ்லாட்' என்கிறது, இரண்டாவது 'பாராமீட்டர்' என்கிறது. அந்த விவரத்தின் வகையை முதலது 'ஸ்லாட் டைப்' என்கிறது, இரண்டாவது 'என்டிட்டி' என்கிறது. பொறியை விழிக்கச் செய்யும் சொல்லுக்கு ஓரிடத்தில் 'வேக் வேர்டு', இன்னோரிடத்தில் 'ஹாட்வேர்டு'. ஆங்கிலத்திலேயே நிலைமை இது.

இவற்றைவிடக் கடுமையான குழப்பம் 'பிராம்ப்ட்' என்னும் சொல்லில் இருக்கிறது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2004இல் வெளியிட்ட வாய்ஸ் எக்ஸ்.எம்.எல். 2.0 என்னும் தரவரையறையில் 'பிராம்ப்ட்' என்றால் பொறி மனிதரிடம் பேசுவது. "உங்கள் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள்" என்று குரல் கேட்கிறதே, அது. சாட்ஜிபிடி வந்த பிறகு ஊரெல்லாம் வழங்கும் 'பிராம்ப்ட்' மனிதர் பொறியிடம் சொல்வது. இருபது ஆண்டுக்குள் ஒரே சொல் திசை மாறிவிட்டது. பற்று என்பதை வரவு என்று எழுதத் தொடங்கியது போல. பழைய வழக்கில் பழகிய மூத்த வடிவமைப்பாளரும் புதிதாக வந்த இளைஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து "பிராம்ப்டைத் திருத்த வேண்டும்" என்று ஒப்புக்கொண்டு எழுந்தால், இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தைத் திருத்தப் போவார்கள்.

தமிழுக்கு வேலை வரும்போது என்ன நடக்கிறது என்று தம்பிகளிடம் கேட்டேன். "எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே யோசிச்சு முடிச்சிடுவோம் ஐயா. கடைசியில வாக்கியங்களை மட்டும் ஒரு பட்டியலாக்கி மொழிபெயர்க்க அனுப்புவோம்" என்றார்கள். பட்டியலில் 'பிளாக்' என்ற சொல் தனியாகப் போகிறது. யார் யாரிடம், எந்த நிலையில், எதற்காகச் சொல்வது என்ற விவரம் கூடப் போவதில்லை. ஏன் போவதில்லை? அந்த விவரங்களுக்குத் தமிழில் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் பட்டியலில் அதற்குப் பத்தியும் இல்லை. அண்ணியின் காதில் விழுந்த 'தொகுதி'யின் வேர் இங்கேதான் இருக்கிறது. 'பேலன்ஸ்' சமநிலையாவதும், 'இன்ட்ரஸ்ட்' வட்டி ஆகாமல் ஆர்வமாவதும் இதே வழியில்தான்.

இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள்

தமிழில் கலைச்சொல் முயற்சி புதிதன்று. 1916இலேயே சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்கச் சங்கம் அமைத்து இதழும் நடத்தினர். அதன் பின் எத்தனையோ அகராதிகள். கணிப்பொறி, கணிப்பான், கணினி என்று தடுமாறிய ஒன்று 'கணினி'யில் நிலைத்தது. இணையம், மின்னஞ்சல் இரண்டும் வீட்டுச் சொற்களாகிவிட்டன. இவற்றைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் நம் கலைச்சொல் பட்டியல்களில் ஒரு பொதுக் குறை உண்டு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், அவ்வளவுதான். வரையறை இல்லை, எடுத்துக்காட்டு இல்லை. மின்னஞ்சல் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு இந்த முறை போதும். பேச்சின் உள்ளே நடக்கும் செயலுக்குப் போதாது. உரையாடல் வடிவமைப்புக்கு இப்போது ஆங்காங்கே வழங்கும், அல்லது சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வந்து சேரும், சில சொற்களைப் பார்ப்போம்.

'சாட்பாட்' என்பதை அரட்டை என்ற அடியிலிருந்து ஆக்குகிறார்கள். நண்பர்கள் பேசிக்கொள்ளும் செயலிக்கு ஒரு தமிழ்நாட்டு நிறுவனம் 2021இல் 'அரட்டை' என்றே பெயர் வைத்தது. அங்கே அது பொருத்தம், அழகும்கூட. ஆனால் வங்கியில் தொலைந்த அட்டையைப் பற்றிப் பேசுவதும், மருத்துவமனையில் நேரம் குறிப்பதும் அரட்டையா? வெட்டிப் பேச்சு என்ற நிழல் அந்தச் சொல்லை விட்டுப் போகாது. 'உரையாடி' என்பது நல்லது.

பொறியால் முடியாதபோது பேச்சை மனிதரிடம் மாற்றிவிடுவதை 'ஹேண்ட்ஆஃப்' என்பார்கள். இதைக் 'கைமாற்று' என்று ஒரு தம்பி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கடைத்தெருவில் கைமாற்று என்றால் சீட்டில்லாமல், வட்டியில்லாமல் அவசரத்துக்கு வாங்கும் கடன். "உங்களைக் கைமாற்று செய்கிறோம்" என்று வங்கிப் பொறி சொன்னால் ஊரே ஓடும். 'ஆளிடம் சேர்த்தல்' என்றால் நீளம்தான், ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பொறிக்குப் புரியாதபோது அது சொல்லும் மாற்றுப் பேச்சு 'ஃபால்பேக்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பின்வாங்கல்'. அது போர்க்களச் சொல். 'ஹாட்வேர்டு' சூடான சொல்லாகி, சண்டைச் சொல் போல ஒலிக்கிறது. 'ஸ்லாட்' துளையாகிவிடுகிறது. இவை மூன்றும் ஆங்கில உருவகத்தைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. அந்த உருவகம் நமக்குத் தேவையில்லை. அது செய்யும் வேலைக்குத்தான் பெயர் வேண்டும்.

'ஹாட்வேர்டு', 'வேக் வேர்டு' இரண்டின் வேலை என்ன? ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நம் பக்கம் திருப்புவது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வேற்றுமை என்று படித்தோமே, விளி. 'விளிச்சொல்' என்றால் தீர்ந்தது.

பவணந்தியார் வகுத்த விடைகள்

இங்கேதான் நன்னூலை எடுத்துவரத் துணிகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோளால் பவணந்தி முனிவர் செய்த இலக்கணம் அது. அவர் எங்கள் சமணச் சமயத்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை. வினாவையும் விடையையும், பேசுகிறவர் மனநிலையையும் தேவையையும் வைத்து அவர் வகைப்படுத்தியிருப்பது இந்த வேலைக்கு உதவுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வினா ஆறு வகை: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பேசும் பொறி நம்மிடம் கேட்பவற்றை இந்த ஆறில் வைத்துப் பாருங்கள். "எந்த ஊருக்கு டிக்கெட்?" என்பது அறியா வினா. "தாதரா, தானேவா?" என்பது ஐய வினா. உங்கள் பிறந்த தேதி பொறிக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்துகொண்டே கேட்கிறது, நீங்கள் நீங்கள்தானா என்று பார்க்க. ஆசிரியர் மாணவனைக் கேட்பது போன்ற அறிவினா அது. "நினைவூட்டல் வேண்டுமா?" என்று தர முன்வருவது கொடை வினா. "எண்ணை உள்ளிட்டீர்களா?" என்று செய்யத் தூண்டுவது ஏவல் வினா. கொளல் வினா பெரும்பாலும் நம்முடையது. கடைக்காரரிடம் பயறு இருக்கிறதா என்று கேட்பதையே உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவார்கள். இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் யாரும் பயறு கேட்பதில்லை, வாங்கத்தான் கேட்கிறார்கள். "காலி இடம் இருக்கா?" என்று கேட்ட பயணிக்கு "இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகும் பொறிக்கு இந்த வகை தெரியவில்லை என்று பொருள்.

ஆங்கிலத்தில் இவை அனைத்தும் 'பிராம்ப்ட்' என்ற ஒரே மூட்டையில் கிடக்கின்றன. மூட்டையைப் பிரித்தால்தான் எந்த வினாவுக்கு எப்படிப்பட்ட விடை வரும் என்று திட்டமிட முடியும்.

விடைக்கு வருவோம். எட்டு வகை: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடியானவை. பின் ஐந்தும் சுற்றி வளைத்து வந்தாலும் விடையாகவே ஏற்கப்படும் என்பது நன்னூலார் முடிவு. சமையல் எரிவாயு பதிவு செய்யும் பொறி, "சிலிண்டர் பதிவு செய்யலாமா?" என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் என்ன பதில் வரும்?

"சரி, போடுங்க" என்றால் நேர். "வேண்டாம்" என்றால் மறை. இவை பொறிக்குப் புரியும். ஆனால் மாமியார் பேசினால், "போன வாரமே சொன்னேனே, வரலையே" என்பார், அது உற்றது உரைத்தல். "இன்னிக்கு வரலைன்னா நாளைக்கு அடுப்பு எரியாது" என்றால் உறுவது கூறல். "போடாம எப்படிச் சமைக்கிறது?" என்பது வினா எதிர் வினாதல். "நீயே பார்த்துப் போடும்மா" என்பது ஏவல். "சின்ன சிலிண்டர் இருந்தா அனுப்புங்க" என்பது இனமொழி. இந்த ஐந்துக்கும் பழைய பொறிகள் ஒரே மறுமொழிதான் வைத்திருக்கும்: "மன்னிக்கவும், புரியவில்லை." எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இலக்கணம் விடை என்று ஒப்புக்கொண்டவற்றைப் பொறி விடையில்லை என்று தள்ளிவிட்டது. குற்றம் மாமியார் பேச்சில் இல்லை.

இந்தக் கண்கொண்டு பார்த்தால் பழைய கதைகளும் தெளிவாகின்றன. எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் செய்து 1966இல் வெளியிட்ட எலைசா என்னும் நிரல்தான் இந்த இனத்தின் பாட்டி. மனநல மருத்துவர் போல நடிக்கும். நீங்கள் எதைச் சொன்னாலும் பெரும்பாலும் அதையே திருப்பிக் கேள்வியாக்கிவிடும். எட்டு விடைகளில் வினா எதிர் வினாதல் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு அது மனிதர்களை மயக்கியது எனலாம்.

இன்னொன்று. "நீங்கள் இந்தப் பணத்தை அனுப்பவில்லையா?" என்று பொறி கேட்டால், அனுப்பாத ஆங்கிலேயர் 'நோ' என்பார். அனுப்பாத தமிழர், "ஆமா, அனுப்பலை" என்பார். அந்த 'ஆமா' மட்டும் பொறியின் காதில் விழுந்தால், அனுப்பியதாக எழுதிக்கொள்ளும். இந்தி பேசுவோரிடமும் இதே நிலைதான். எதிர்மறை வினாவில் 'ஆம்' என்பது வினாவோடு உடன்படுவது, செயலோடு உடன்படுவதன்று. ஆகவே பணம், மருந்து, கையெழுத்து தொடர்பான எந்த இடத்திலும் பொறி எதிர்மறை வினா கேட்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே எழுதி வைக்க வேண்டும். 'எதிர்மறை வினா' என்ற பெயர் வடிவமைப்போர் பட்டியலில் இருந்தால்தான் அந்த விதியை எழுதவே முடியும். பெயரின் பயன் இதுதான்.

இலக்கணம் எட்டாத இடம்

மலர்களில் கட்டுரை எழுதும் நம்மவர்க்கு ஒரு வழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் இது நம் முன்னோர் அன்றே சொன்னதுதான் என்று முடிப்பது. நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். இங்கே செய்ய மாட்டேன். பவணந்தியார் பேசும் பொறியைக் காணவில்லை. அவர் வகுத்தது, ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில் பேசும் இரு மனிதரின் வழக்கு. எட்டு விடைகளில் 'எனக்கு விளங்கவில்லை' என்பதற்குத் தனி இடம் இல்லை. பொறியின் உலகில் மிகுதியாக நடப்பதோ அதுதான்.

அந்த இடத்தில் புதுச்சொல் வேண்டும், அதுவும் ஒன்றல்ல, மூன்று. மேலே சொன்ன வாய்ஸ் எக்ஸ்.எம்.எல். இரண்டைப் பிரித்துக் காட்டியிருக்கிறது. மனிதர் ஒன்றுமே பேசாமல் இருப்பது ஒன்று, பேசியும் பொறி எதிர்பார்த்த எதனோடும் பொருந்தாமல் போவது மற்றொன்று. முன்னதைப் 'பேசாமை' என்றும் பின்னதைப் 'பொருந்தாமை' என்றும் சொல்லலாம். மூன்றாவது இவற்றைவிட ஆபத்தானது. தவறாகப் பொருந்திவிட்டு, புரிந்துவிட்டதாகவே பொறி நடந்துகொள்வது. தொண்ணூறு என்றதைத் தொள்ளாயிரம் என்று எழுதிக்கொண்டு "நன்றி" சொல்வது. இதற்கு 'மயக்கம்' என்று இலக்கணச் சொல் இருக்கிறது, ஆனால் தலைசுற்றல் என்ற பொருளும் வரும். 'தவறிப் பொருந்தல்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

என் ஆசைச் சொல் ஒன்றையும் நானே கைவிட வேண்டியதாயிற்று. 'ஸ்லாட்' என்பதற்கு 'எச்சம்' என்று வைக்க நினைத்தேன். 'வந்த' என்னும் பெயரெச்சம் ஒரு பெயருக்குக் காத்திருப்பது போல, 'டிக்கெட் போடு' என்னும் வேண்டுகோள் ஊருக்கும் நாளுக்கும் காத்திருக்கிறது. தொல்காப்பியர் ஒரு தொழில் நிறைவேறத் தேவையானவற்றை எட்டாக எண்ணுகிறார். வினை, செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்கு, என்ன பயன் ஆகியவை. டிக்கெட் பொறி கேட்பதும் ஏறக்குறைய இந்த எட்டையே. எனவே 'எச்சம்' மிகப் பொருத்தம் என்று மகிழ்ந்து வீட்டில் சொன்னேன். "எச்சம்னா காக்கா போடறது இல்லையா?" என்று என் மனைவி கேட்டார். அதோடு அந்தச் சொல் போயிற்று. 'நிரப்பிடம்' என்று மாற்றிக்கொண்டேன். எத்தனை இலக்கணப் பெருமை இருந்தாலும் காதில் வேறாக விழும் சொல் நிற்காது.

'இன்டென்ட்' என்பதை 'நோக்கம்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நோக்கம் பேசுகிறவர் மனத்தில் இருப்பது. வடிவமைப்பாளர் 'இன்டென்ட்' என்று சொல்வது அவர் முன்கூட்டியே செய்து வைத்த பெட்டி. "அட்டை தொலைந்தது", "இருப்பு அறிதல்" என்று பெயர் ஒட்டிய பெட்டிகள். அண்ணியின் நோக்கம் பணம் போகாமல் காப்பது. பொறியில் இருந்த பெட்டிகள் இரண்டு, முடக்கல், ரத்து. அவர் நோக்கத்துக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் ரூ.6,400 போனது. பெட்டிக்கும் மனத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. பெட்டியை 'வேண்டுகை வகை' என்போம். நோக்கம் என்ற சொல்லை மனிதருக்கே விட்டுவைப்போம்.

'பிராம்ப்ட்' என்பதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பொறி மனிதரிடம் கேட்பது 'வினவுரை'. மனிதர் பொறிக்கு இடுவது 'ஏவுரை'. திசை பெயரிலேயே இருக்கிறது. ஒரு பொருளை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எங்கள் சமண நூல்களின் பாடம். கலைச்சொல்லுக்கும் அது நல்ல பாடம்.

செய்ய வேண்டியது

முடிவாக என் யோசனை இது. சொல்லுக்குச் சொல் பட்டியல் போதாது. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நான்கு விவரம் கூட வர வேண்டும்: யார் சொல்வது, யாரிடம் சொல்வது, எதைப் பெறுவதற்காக, வீட்டில் வழங்கும் ஓர் எடுத்துக்காட்டு. நான்கையும் எழுத முடியாத சொல்லை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று ஒதுக்கி வைக்கலாம். ஆங்கிலச் சொல்லே எல்லாருக்கும் ஒரே பொருளில் வழங்குமானால் அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. டிக்கெட்டும் சிலிண்டரும் நம் சொற்களாகிவிடவில்லையா? கடன் வாங்குவது இழிவில்லை, பொருள் தெரியாமல் வாங்குவதுதான் நஷ்டம்.

இதைச் செய்ய நம்மைப் போன்ற சங்கங்களுக்கு ஒரு தகுதி உண்டு. 2022இல் மத்திய அரசு பாஷினி என்னும் திட்டத்தைத் தொடங்கி, இந்திய மொழிகளில் பொறிகள் பேசவும் மொழிபெயர்க்கவும் வழி செய்துவருகிறது. பெரிய வேலை. ஆனால் தமிழைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லாத முதியவர் யார் என்று எங்கோ இருக்கும் அலுவலகத்துக்குத் தெரியாது. நம் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ஊரில் இருப்பவர் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வார். இங்கே பக்கத்து வீட்டில் மராத்தி அல்லது குஜராத்தி.

தம்பிகள் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நூலக அறையில் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை உட்கார்ந்து, கூட்டத்துக்கு ஐந்து சொல் வீதம் எடுத்து, அந்த நான்கு விவரங்களோடு எழுதப் போகிறோம். விளிச்சொல், வினவுரை, ஏவுரை, வேண்டுகை வகை, நிரப்பிடம் இவைதான் முதல் ஐந்து. வங்கியில் வேலை பார்த்தவர்கள், ஆசிரியர்களாக இருந்தவர்கள் வந்தால் நல்லது. என் சொற்களை யாராவது தள்ளிவிட்டு நல்லது சொன்னால் எனக்கு வருத்தம் இல்லை, மகிழ்ச்சிதான்.

பொறி உரக்கச் சொல்லப்போகும் எந்த வாக்கியத்தையும் முதலில் படித்துக்காட்டுவது என் அண்ணியிடம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவரிடம் இதைச் சொன்னேன். "அட்டை தொலைஞ்சா 'அட்டையை நிறுத்தி வை'ன்னு சொல்லச் சொல்லுங்க தம்பி, அது போதும்" என்றார். 'முடக்கம்' என்று நான் எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு 'நிறுத்தி வைத்தல்' என்று எழுதிக்கொண்டேன்.